"அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, டொக்டர்": குடும்பம் மறிக்கும்போது நோயாளியிடம் உண்மையைப் பேசுவது எப்படி?

தெல்லிப்பழை வைத்தியசாலைக்கு அனுப்பும் துண்டு எழுதிக் கொடுத்தாலே யாழ்ப்பாணத்தில் பாதிச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். அது ஓர் ஆதார வைத்தியசாலை. காய்ச்சலுக்கும் அங்கே போகலாம், பிள்ளைப்பேற்றுக்கும் போகலாம். ஆனால் 2011-இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த காசில் அங்கே புற்றுநோய் வைத்தியசாலை எழும்பிய பிறகு, அந்த ஊர்ப்பெயரே ஒரு வருத்தத்தின், அதாவது ஒரு நோயின், பெயராகிவிட்டது. அதற்கு முன்பு, கொழும்புப் பக்கத்துப் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் "மகரகம" என்ற ஊரின் பெயர் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அந்தத் துண்டை வாங்கிய மகன்தான் வார்ட் வாசலில் எங்களை மறிப்பார். "டொக்டர், அம்மாவுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. அவ தாங்கமாட்டா." அம்மாவோ அதற்குள் பக்கத்துக் கட்டில்காரியிடம் "என்னைத் தெல்லிப்பழைக்கு அனுப்பப்போகினம்" என்று சொல்லி முடித்திருப்பார்.

இதை முக்கியமாக, இன்ரேர்ன்ஷிப் தொடங்கும் இளம் மருத்துவர்களுக்கும் வார்டில் நிற்கும் தாதியருக்கும் எழுதுகிறேன். வாசலில் நிற்கும் மகனோ மகளோ வாசித்தாலும் நல்லது. என் நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறேன். குடும்பம் கேட்டதற்காகப் பொய் சொல்லக் கூடாது. குடும்பத்தைத் தள்ளிவிட்டு, கட்டிலடிக்குப் போய்ச் செய்தியைப் போட்டுவிட்டு வருவதும் கூடாது. தனக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் நோயாளி. அதை அவரிடம் கேட்காமல் மகனும் மருத்துவரும் வாசலில் நின்று முடிவெடுப்பதுதான் இங்கே வழமையாக நடக்கும் பிழை.

"உண்மையைச் சொல்வது வெள்ளைக்காரப் பழக்கம், எங்கட பண்பாடு வேற" என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். 1961-இல் அமெரிக்காவில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. புற்றுநோயை நோயாளிக்குச் சொல்லாமல் விடுவதையே விரும்புகிறோம் என்றார்கள் மருத்துவர்களில் 90 சதவீதமானோர். 1979-இல் திரும்பக் கேட்டபோது 97 சதவீதமானோர் சொல்வதையே விரும்புகிறோம் என்றார்கள். இடையில் போனது 18 வருடம்தான். அதற்குள் சிகிச்சைகள் கூடின, நோயாளியின் உரிமை பற்றிய பேச்சும் கூடியது. மறைப்பது ஒரு காலத்தில் எல்லா ஊர் மருத்துவர்களுக்கும் வசதியாகத்தான் இருந்திருக்கிறது.

உலக மருத்துவச் சங்கம் 1981-இல் லிஸ்பனில் வெளியிட்டு 1995-இல் திருத்திய நோயாளர் உரிமைப் பிரகடனத்தில் எங்களுக்கு வேண்டிய பிடிமானம் இருக்கிறது. தன் நோயைப் பற்றி முழுதாக அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு. வேண்டாம் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னால் அறியாமல் இருக்கும் உரிமையும் உண்டு, அதனால் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து இல்லாத வரைக்கும். தனக்குப் பதிலாக யாரிடம் சொல்லலாம் என்று தெரிவுசெய்யும் உரிமையும் அவருடையதே. சொன்னால் அவருடைய உயிருக்கோ உடல்நலத்துக்கோ பாரதூரமான கேடு வரும் என்று நம்ப நல்ல காரணம் இருந்தால் மட்டும், விதிவிலக்காகச் சொல்லாமல் விடலாம். "அழுவா" என்பது அந்தக் காரணம் ஆகாது.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

படி 1: சதைத்துண்டு எடுக்க முதலே கேளுங்கள்

பிரச்சினை தொடங்குவது றிப்போர்ட் வந்த நாளில் அல்ல. தனியார் ஆய்வுகூடத்தில் பில்லைக் கொண்டுபோகிறவரின் கையில்தான் கடித உறையைக் கொடுப்பார்கள். மகன் அதை வாசலிலேயே பிரிப்பார், படம் எடுப்பார், வட்ஸ்அப்பில் போடுவார். ஸ்காபரோவில் இருக்கும் மருமகளுக்குத் தெரிந்த செய்தி கொக்குவிலில் இருக்கும் மாமிக்குத் தெரியாது.

ஆகவே பயொப்சி எடுக்க முதலே, செய்தி இன்னும் யாருடைய கையிலும் இல்லாத நேரத்தில், நோயாளியிடம் இப்படிக் கேளுங்கள்: "அம்மா, இதில கொஞ்சம் எடுத்துச் சோதனைக்குக் குடுக்கிறம். முடிவு வந்தால் உங்களுக்கு நேர சொல்லவோ? பக்கத்தில ஆரும் இருக்கவேணுமோ? இல்லாட்டி வேற ஆரிட்டயும் சொல்லவோ?" அவர் சொன்ன பதிலை அவருடைய சொல்லிலேயே, திகதி போட்டு, குறிப்பில் எழுதிவிடுங்கள். பின்னால் மகன் மறிக்கும்போது, "அம்மா போன கிழமை தனக்கே சொல்லச் சொன்னவ" என்று காட்ட அந்த ஒரு வரி போதும். அரை நிமிட வேலை. நான் பார்த்தவரையில் அதிகம் தவறவிடப்படும் படியும் இதுதான்.

படி 2: மறிப்பவரோடு உட்காருங்கள்

வாசலில் நின்று கதைக்க வேண்டாம். ஒரு கதிரையில் அவரை இருத்தி, நீங்களும் இருங்கள். "இது நோயாளியின்ர உரிமை" என்று தொடங்கினால் கதை அங்கேயே முடிந்துவிடும். அம்மாவைக் காக்க வந்த பிள்ளையிடம் சட்டம் கதைத்தால் அவர் உங்களை எதிரியாகத்தான் பார்ப்பார்.

கேட்க வேண்டியது ஒன்றுதான். "சொன்னால் என்ன நடக்குமெண்டு பயப்பிடுறீங்கள்?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

"தாங்கமாட்டா" என்பது மேல்மூடிதான். அதைத் திறந்தால் உள்ளே வேறொன்று இருக்கும். தங்கச்சிக்குக் கலியாணம் பேசியிருக்கிறார்கள், அம்மாவுக்கு மார்பில் என்று தெரிந்தால் "பரம்பரை வருத்தம்" என்று மாப்பிள்ளை வீடு விலகிவிடும் என்ற பயம். பிரான்சில் இன்னும் விசா கிடைக்காத தம்பி இருக்கிறான், அம்மா அறிந்தால் அவனை வரச் சொல்லுவா, அவன் வந்தால் திரும்பிப் போக முடியாது. ஆறு மாதமாகக் கட்டிக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தோமே, முதலே கொண்டுவந்திருக்கலாமே என்ற குற்ற உணர்வு. பெரியம்மாவுக்குச் சொன்ன மூன்றாம் கிழமை அவர் செத்துப்போனார், சொன்னதால்தான் செத்தார் என்ற நம்பிக்கை. உண்மை தெரிந்தால் வைத்தியமே வேண்டாம் என்றுவிடுவா என்ற பயம். நல்லூரில் கொடியேறிவிட்டது, 25 நாள் திருவிழா, தேரும் தீர்த்தமும் முடியட்டும் என்பவர்களும் உண்டு.

ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. கலியாணப் பயத்துக்கு, "ஊருக்குச் சொல்லுறது வேற, அம்மாவுக்குச் சொல்லுறது வேற. எங்கட வாயால வேற ஆருக்கும் போகாது" என்ற உறுதி வேண்டும். (ஊருக்குச் செய்தி போவது பெரும்பாலும் வட்ஸ்அப் வழியாகத்தான். இதையும் மெல்லச் சொல்லிவையுங்கள்.) பெரியம்மாவின் கதைக்கு, அவர் எந்த நிலையில் வைத்தியசாலைக்கு வந்தார் என்று கேட்க வேண்டும். குற்ற உணர்வுக்கு விளக்கம் வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். தேர் முடியட்டும் என்பது நியாயமான கோரிக்கையாகவும் இருக்கலாம். சிகிச்சை பிந்தாது என்றால் சில நாள் பொறுப்பதில் குற்றம் இல்லை, ஆனால் ஒரு திகதி குறித்துவிடுங்கள்.

உண்மையாகவே "தாங்கமாட்டா" என்று நினைப்பவர்களும் உண்டு. அப்படி ஒரு மகனிடம், "அம்மா இதுக்கு முதல் என்னத்தையெல்லாம் தாங்கினவ?" என்று கேட்டேன். 1995 ஒக்டோபர் இடப்பெயர்விலிருந்து தொடங்கினார். மழைக்குள் இரண்டு பிள்ளைகளோடு நாவற்குழிப் பாலம் கடந்தது, பிறகு தகப்பன் இல்லாமல் போனது, தையல் மெசினோடு வாழ்ந்தது. சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை எல்லா வீட்டிலும் கேட்க வேண்டாம். அதே வருடங்களில் உள்ளே உடைந்துபோய் இன்றுவரை நித்திரை இல்லாமல் இருப்பவர்களும் இந்த மண்ணில் இருக்கிறார்கள்.

மறைப்பதன் விலையையும் சொல்ல வேண்டும், பயமுறுத்தாமல். மருந்து ஏற்றத் தொடங்கினால் தலைமயிர் கொட்டும். "சின்னக் கட்டி" என்றீர்களே, சின்னக் கட்டிக்கு ஏன் மயிர் கொட்டுகிறது என்று அம்மா கேட்டால் என்ன சொல்வீர்கள்? சத்திரசிகிச்சைச் சம்மதப் படிவத்தில் கையொப்பம் வைக்கப்போவது அவர். எதற்கென்று தெரியாமல் வைத்த கையொப்பம் சம்மதம் ஆகாது.

வெளிநாட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக இரவில் போன் எடுப்பார்கள். குடும்பத்துக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், அவர் ஊடாக எல்லாரும் பேசட்டும். முடிந்தால் ஒருதரம் எல்லாரையும் ஸ்பீக்கரில் போட்டு ஒரே கதையைச் சொல்லிவிடுங்கள்.

படி 3: எந்த வாக்கைக் கொடுக்கலாம்

"சரி, சொல்லமாட்டன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நான் கொடுத்திருக்கிறேன். இன்ரேர்னாக இருந்த காலம், ஒரு வைத்தியசாலை. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர், வெற்றிலை புகையிலை போட்ட வாய், கன்னத்தின் உட்புறம் ஆறாத புண். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாயில் வருவதுதான், ஆகவே அவர் ஒன்றும் அபூர்வமான நோயாளி அல்ல. மகள் அழுதாள், நான் வாக்குக் கொடுத்தேன். "புண்தான் ஐயா, மருந்தோட ஆறீடும்" என்றேன். அடுத்த நாள் அவர் தன் கிளினிக் கொப்பியை விரித்துப் பிடித்தபடி கேட்டார்: "தம்பி, சீ ஏ எண்டு எழுதிக் கிடக்கு. கல்சியமோ?"

"சீ ஏ" என்பது "கார்சினோமா", அதாவது புற்றுநோய், என்பதற்கு நாங்கள் எழுதும் சுருக்கம். அவர் சிரித்தபடிதான் கேட்டார். நான் ஏதோ முணுமுணுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை, இரவில் வலித்ததைக்கூடச் சொல்லவில்லை. வலிக்கு மருந்து கூட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியவந்ததே பக்கத்துக் கட்டில்காரர் சொல்லித்தான்.

இப்போது நான் சொல்வது இது: "உங்கட அம்மாவுக்கு நான் வலுக்கட்டாயமாச் சொல்லமாட்டன். எவ்வளவு அறிய விருப்பம் எண்டு அவவிட்டக் கேப்பன். அவ வேண்டாமெண்டால் நிப்பாட்டிப்போடுவன். ஆனால் நேர கேட்டால் பொய் சொல்லமாட்டன்." அநேகமானோர் இதை ஏற்றுக்கொள்கிறார்கள். ஏற்காதவர்களோடு நாளைக்கும் ஒருதரம் உட்காருங்கள், தேவையென்றால் உங்கள் கொன்சல்டனையும் கூட்டிக்கொண்டு. அதற்குப் பிறகும் மறித்தால், பெரிய ஆள் ஒருவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதை மறிக்கும் அதிகாரம் பிள்ளைக்கு இல்லை. அதை மரியாதையாக, ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

என்ன பேசி முடித்தீர்கள் என்பது தாதிக்கும் இரவு வரும் மருத்துவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். காலை றவுண்ட்ஸில் கட்டிலடியில் நின்று "மெட்ஸ்", "மலிக்னன்ற்" என்று ஆங்கிலத்தில் கதைத்தால் விளங்காது என்று நினைக்க வேண்டாம். சொல் விளங்காவிட்டாலும் முகம் விளங்கும். கொப்பியை வீட்டில் பேரப்பிள்ளை கூகிளில் போட்டுப் பார்ப்பான்.

படி 4: மகனை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள்

வடக்கில் சிங்களம் பேசும் மருத்துவர்கள் பலர் வேலை செய்கிறார்கள், நல்லவர்கள். ஆனால் அவர் ஆங்கிலத்தில் மூன்று நிமிடம் சொன்னதை மகன் "கட்டி ஒண்டாம், மருந்து எடுத்தால் மாறீடுமாம்" என்று மூன்று செக்கனில் முடித்துவிடுவார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, பெற்ற தாயின் முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்? தாதி ஒருவரைக் கேளுங்கள். தொடங்க முதல் "கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கோ" என்று பேசிக்கொள்ளுங்கள். ஒரு நேரம் ஒரு வசனம்.

தமிழ் மருத்துவர்களுக்கும் ஒரு சொல். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் இங்கே வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் கொண்டுவந்தவர். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தும் "பரவியிருக்கிறது", "குணமாக்க முடியாது, குறைக்கலாம்" என்ற இரண்டு வசனங்களைத் தமிழில் சொல்ல நாங்கள் தடுமாறுகிறோம். வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 5: நோயாளியிடம் கேளுங்கள்

மகன் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் அம்மா மகனின் முகத்தைத்தான் பார்ப்பார். தனியே கேட்க வேண்டும், மகனுக்குத் தெரிவித்துவிட்டு. பரிசோதிக்கும் நேரமோ மருந்து கட்டும் நேரமோ நல்லது.

முதலில்: "இது என்ன வருத்தமெண்டு நீங்கள் நினைக்கிறீங்கள்?" பிறகு: "சில பேர் எல்லாத்தையும் விபரமாக் கேக்க விரும்புவினம். சில பேர், எனக்கு வேண்டாம், வீட்டுக்காரரோட கதையுங்கோ எண்டுவினம். நீங்கள் எப்பிடி?"

"எனக்குத் தெரியும் தம்பி. பிள்ளையளுக்குத்தான் சொல்லாதேங்கோ, அதுகள் தாங்காதுகள்" என்ற பதிலை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தரம் கேட்டிருக்கிறேன். அப்போது உங்களுக்கு மிஞ்சியிருக்கும் வேலை, "இரண்டு பேரையும் ஒண்டா இருத்திக் கதைப்பமோ?" என்று கேட்பதுதான்.

"மகனோட கதையுங்கோ" என்று மனமாரச் சொல்பவரும் உண்டு. அவரை விடுங்கள். அதுவும் அவருடைய முடிவு. ஆனால் "பிறகு எப்ப கேக்க விருப்பமெண்டாலும் கேளுங்கோ" என்று கதவைத் திறந்து வையுங்கள், குறிப்பிலும் எழுதுங்கள். மௌனமும், பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்புவதும் சம்மதம் அல்ல. இன்னொரு நாள் கேளுங்கள்.

படி 6: சொல்லும் நேரம்

கெட்ட செய்தி சொல்வதற்கு 2000-இல் வெளிவந்த "ஸ்பைக்ஸ்" என்ற ஆறுபடி முறை மருத்துவ மாணவர்கள் எல்லாரும் படித்திருப்பார்கள். அதில் முதற்படி தனி அறை. எங்கள் வார்டில் அறை எங்கே? திரையை இழுத்துவிடுங்கள், பார்வையாளர் நேரத்தைத் தவிருங்கள், போனின் சத்தத்தை நிறுத்துங்கள், கட்டாயம் இருங்கள். நின்றுகொண்டு சொல்லப்படும் செய்தி, ஓடப்போகிறவர் சொல்லும் செய்தியாகத்தான் கேட்கும்.

முன்னறிவிப்பாக ஒரு வசனம்: "அம்மா, நாங்கள் நினைச்சதைவிடக் கொஞ்சம் பாரதூரமான வருத்தம்." நிறுத்துங்கள். அவர் தலையசைத்தால் "இது புற்றுநோய்" என்று ஒருதரம் தெளிவாகச் சொல்லுங்கள். "கூடாத வருத்தம்" என்பது எங்கள் ஊருக்கு விளங்கும் சொல்தான். என்றாலும் அதோடு நிறுத்தினால், சிலர் வேறு எதையோ விளங்கிக்கொண்டு போவார்கள்.

சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கடினம். மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். "கவலைப்படாதேங்கோ" என்று சொல்லாதீர்கள், கவலைப்பட வேண்டிய விடயம்தானே.

கேள்விகள் வரும். "தொற்றுமோ? பேரனோட படுக்கலாமோ?" தொற்றாது, ஒரே கோப்பையில் சாப்பிடலாம், பேரனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுக்கலாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். தட்டைப் பிரித்து வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. "போன பிறப்பில என்ன பாவம் செய்தனோ?" என்பது பெரும்பாலும் கேள்வி அல்ல, அழுகை. விவாதிக்க வேண்டாம். "எத்தினை நாளைக்கு இருப்பன்?" என்றால் எண் சொல்ல வேண்டாம், ஏய்க்கவும் வேண்டாம். எதை மனதில் வைத்துக் கேட்கிறார் என்று கேளுங்கள். மகளின் கலியாணமாக இருக்கும். பிறகு நாள் கணக்கா, மாதக் கணக்கா, வருடக் கணக்கா என்ற அளவில், உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

படி 7: பொறுக்க வேண்டிய இடங்கள்

குழப்ப நிலையில் இருப்பவர், மறதிநோய் முற்றியவர், சிறு பிள்ளை: இவர்களுக்கு வழி வேறு, குடும்பத்தோடு சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

"சொன்னால் உயிரை மாய்ச்சுப்போடுவார்" என்று குடும்பம் சொன்னால் அதைச் சாட்டு என்று ஒதுக்காதீர்கள். முன்பு முயன்றிருக்கிறாரா, இப்போது மனச்சோர்வு இருக்கிறதா, வீட்டில் தனியேயா என்று விசாரியுங்கள். நோயாளியிடமும் நேரடியாகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சந்தேகம் இருந்தால் மனநல மருத்துவரைக் கூப்பிட்டு, அவரோடு சேர்ந்து எப்போது, எப்படி என்று முடிவெடுங்கள். பிந்துவதற்கு இது சரியான காரணம். ஒரேயடியாக மறைத்துவிடுவதற்கு இதுவும் காரணம் ஆகாது.

படி 8: சொன்ன பிறகு

குடும்பத்தை உள்ளே கூப்பிட்டு, எல்லார் முன்னிலையிலும் ஒரே கதையைச் சொல்லுங்கள். அநேகமாக மகன்தான் முதலில் அழுவார், அம்மா அவரைத் தேற்றுவார். அடுத்த கட்டம் என்ன என்று திகதியோடு சொல்லுங்கள்: தெல்லிப்பழையில் எந்தக் கிளினிக், என்ன கொண்டுபோக வேண்டும், வலிக்கு என்ன மருந்து. மோர்பின் என்றதும் "அப்ப முடிஞ்சுதோ?" என்பார்கள். அது வலிக்கான மருந்து, வலி இருக்கும்வரை தேவை என்று விளக்குங்கள்.

பிறகு, காணி. மருத்துவர் பேசும் விடயமா இது என்று நினைப்பீர்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் கீழ், மணமான பெண் உயிரோடு இருக்கும்போது தன் காணியைப் பிள்ளைக்கு எழுத, கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கணவர் வெளிநாட்டில் என்றால் அந்தக் கடதாசி வரவே மாதங்கள் போகும். உண்மை தெரியாத அம்மா "ஆறுதலா எழுதுவம்" என்று இருந்துவிடுவார். "செய்து முடிக்கவேணுமெண்டு ஏதும் இருக்கோ அம்மா?" என்று ஒருதரம் கேட்டால் போதும், நொத்தாரிசுவை அவரே கூப்பிடுவார்.

அடுத்த நாள் கட்டாயம் திரும்பிப் போங்கள். "நேற்று நான் சொன்னதில என்ன விளங்கினது?" என்று கேளுங்கள். பாதி மறந்திருக்கும், திரும்பச் சொல்லுங்கள். அடுத்த கிளினிக்கில், கொப்பி யாருடைய கையில் வருகிறது என்று கவனியுங்கள். அம்மாவின் கையில் இருந்தால் முதல் கேள்வியை அவரிடம் கேளுங்கள். மகனின் கையில் இருந்தாலும் அவரிடமே கேளுங்கள்.